தணிகையும் இசைத்தொண்டும்

இசை செவிக்கு இன்பந் தருவதோர் கலை மாத்திரமோ, உயிரை இறைவன்பால் உய்ப்பதோர் நெறியோ என்னும் வினா சைவவுலகிற்குப் புதிதன்று. சித்தாந்த நூல்கள் நாதத்தைச் சிவதத்துவம் ஐந்தனுள் முதலாவதாக வைத்தன. வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுத்தன. எனினும், இவையெல்லாம் சுத்தமாயையின் காரியமாதலின் சடமாம். இறைவனோ நாதத்தையுங் கடந்து நிற்பவன். ஆகவே, ஓசை தானே வீடு தரும் என்றல் பொருந்தாது. பின்னை அஃது உயிர்க்குத் துணையாமாறு யாங்ஙனம் எனின், அதனைத் திருத்தணிகை வரலாற்றில் இருவர்பாற் காணலாம்.

திருவாரூரில் தோன்றிய முத்துசுவாமி தீட்சிதர் (மறைவு 1835), சிதம்பரநாத யோகியாருடன் காசியில் வாழ்ந்து மீண்டபின் தணிகையை அடைந்தனர். ஆண்டு முருகப்பெருமான் முதியவராய் எழுந்தருளி அவர் நாவிற் கற்கண்டு இட்டருளினன் என்பது வழிவழி வருஞ் செய்தி. உடனே மாயாமாளவகௌள இராகத்தில் அவர்தம் முதற் கீர்த்தனம் பிறந்தது. ‘குருகுஹ’ என்பது அவர் முத்திரையாயிற்று. அது முதலாக வடமொழி வேற்றுமை எட்டற்கும் ஒவ்வொன்றாகக் கீர்த்தனங்கள் அமைந்தன. அவற்றுள் மூன்றாம் வேற்றுமையிலுள்ளது குருவினாற் காக்கப்பட்டமையையும், ஐந்தாவது அவனின் வேறொன்றறியாமையையும், ஆறாவது அவனுக்கு அடிமையாந் தன்மையையும் உரைக்கும். தீட்சிதர் ஸ்ரீவித்யா உபாசகர். சித்தாந்த நூல்வழி நின்றவரல்லர். ஆயினும், அவர் உரைத்த அவ்வடிமைத்திறமே நம் நூலோர் தாதமார்க்கமாகிய சரியையில் வைத்துக் கூறுவதாம். இறைவன் புகழ் பாடுதலும் அச்சரியைத் தொண்டுகளுள் ஒன்றென்க.

மற்றையவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (மறைவு 1950). இவர் முன்னர் மைசூர் அரண்மனையிற் சமையற்றொழில் புரிந்தவர். அருணகிரிநாதர் திருப்புகழ் ஏடுகளை வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை தேடித் தொகுத்து, 1894இலும் 1901இலும் அச்சேற்றியிருந்தனர். அத்திருப்புகழையே சுவாமிகள் தமக்கு மந்திரமாகக் கொண்டனர். ஆங்கிலப் புத்தாண்டில் மாந்தர் துரைமார்களைக் கண்டு வாழ்த்தச் செல்லுதலை நோக்கி, துரைகட்கெல்லாந் துரையாகிய தணிகேசனையே முதற்கண் வணங்கல் வேண்டுமெனத் துணிந்து, 1917ஆம் ஆண்டின் இறுதி நாளில் திருப்படித் திருவிழாவைத் தொடங்கினர். மலைப்படிகள் 365, ஆண்டின் நாள்களும் அத்துணையே. படிதோறும் நின்று பூசித்துத் திருப்புகழ் ஓதி ஏறுதல் அவ்விழாவின் முறை. அஃது இன்றும் நடைபெறுகின்றது.

ஒருவர் இராகத்தின் நுட்பமெல்லாம் உணர்ந்த புலவர். மற்றவர் பின்னே படியேறுவோருட் பலர் இசையிலக்கணம் பயிலாதவர். மொழியும் வேறு, முறையும் வேறு. இருவழியும் ஒன்றுபடுவது ‘அவனுக்கு யான் அடிமை’ என்னும் உணர்வின்கண்ணேயாம். அவ்வுணர்வு இல்வழி, இசை செவியளவில் நின்று பாசமாய் முடியும். உள்வழி, சடமாகிய ஓசையும் திருவருளுக்குக் கருவியாய் உயிரை மேலேற்றும். பாடுவோர் தம் குரலின் இனிமையை நோக்குதற்கு முன், தாம் யார்க்கு ஆட்பட்டுப் பாடுகின்றனர் என்பதை நோக்குவாராக.