சீட்டில் இடம் பெறாதவர்கள்

நம் இல்லங்களில் செபப்புத்தகத்தைத் திறந்தால் புனிதர்களின் சிறு படங்கள் மடியில் உதிரும். 1980-களில் ஆவுடையார்கோவில் கடைத்தெருவில் சிறுவர்களாய்த் திரிந்த நம்மிடம், அவற்றோடு வேறொரு கட்டும் இருந்தது. 'பிக் ஃபன்' பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் சீட்டுகள் அவை. ஆட்டக்காரரின் படத்தோடு ஓட்டங்களும் விக்கெட்டுகளும் அச்சாகியிருக்கும். கூட்டிச் சேர்த்தால் பரிசு கிடைக்கும். கவாஸ்கரும் கபில்தேவும் வந்தால் கொண்டாட்டம். பெயர் தெரியாதவர் வந்தால் முகம் சுருங்கும்.

இவ்வழக்கத்திற்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. சிகரெட் பெட்டி நசுங்காதிருக்க வைத்த அட்டையில் வணிகர்கள் படம் அச்சிடத் தொடங்கினர். இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896-இல் கிரிக்கெட் வீரர்களின் அட்டைகளை வெளியிட்டது. அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்கள் இடம்பெற்றனர். ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை ஒன்று 2022-இல் எழுபத்திரண்டரை இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதே வரிசையில் வந்த எளிய ஆட்டக்காரர்களின் அட்டைகளுக்கோ அந்த விலையில் சிறு துளியும் கிடைப்பதில்லை.

நம் கட்டில் ஏ.ஜி. ராம்சிங் இல்லை. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. மைசூரை எதிர்த்த சென்னை அணிக்காக அவர் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. எனினும் டெஸ்ட் ஆட்டம் அவருக்கு வாய்க்கவேயில்லை. அவர் பயிற்சியாளராகிப் பிறரை வளர்த்தார். மைந்தர் கிருபால்சிங்கும் மில்காசிங்கும் இந்தியாவுக்கு ஆடினர்.

வி.வி. குமாரும் அக்கட்டில் இல்லை. 1961-இல் தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்டிலேயே ஐந்து விக்கெட்டுகளை எடுத்தவர் அவர். அவருக்குக் கிடைத்தவை இரண்டே டெஸ்டுகள். டி.ஈ. சீனிவாசனுக்கோ 1981-இல் ஆக்லாந்தில் ஒன்றே ஒன்று. ஆஸ்திரேலியாவில் இறங்கியதும், தாம் வந்துவிட்டதாக வேகப்பந்து வீரர் லில்லியிடம் சொல்லுமாறு நிருபர்களிடம் அவர் வேடிக்கை பேசினாராம். அந்தச் சிரிப்பொலி இன்றும் சென்னை ஆடுகளங்களில் நினைக்கப்படுகிறது.

நம் ஊர்க் கோயிலின் கொடுங்கையைக் காணத் தொலைவிலிருந்தெல்லாம் வருகிறார்கள். மரச்சட்டமும் ஆணியுமோ என மயங்கும்படி கல்லை மெல்லிய தகடாய் இழைத்திருக்கிறார்கள். பழைய சிற்பிகள் வேலைக்கு உடன்படும்போது, இக்கொடுங்கையைப் போலச் செய்ய இயலாது என விலக்கி எழுதுவார்களாம். அத்தனை புகழ் பெற்ற அந்த வேலையைச் செய்த கைகளுக்குரிய பெயர்களோ ஊரார் நாவில் இல்லை.

நாம் பெயரைச் சேர்த்தோம். உழைப்பைச் சேர்க்கத் தவறினோம். தாயாம் திருச்சபை இக்குறையை முன்னரே உணர்ந்தாள் போலும். படம் அச்சிடப்படாத, பீடம் ஏறாத எண்ணற்றோரையும் நினைக்கவே நவம்பர் முதல் நாளைச் சகல புனிதர் திருநாளாக ஒதுக்கினாள். நம் பங்கிலும் மணியடித்தவர், மறைக்கல்வி புகட்டியவர், கல்லறைக்குக் குழி வெட்டியவர் என எத்தனை பேர்! இந்த நவம்பரில் அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் ஒரு சிறு தாளில் எழுதி, நம் செபப்புத்தகத்தினுள் வைப்போமா?