ஒருசந்தி: கிறிஸ்தவ நோன்பின் வரலாறு

பசியை அடக்கி இறைவனை நாடும் வழக்கம் பல சமயங்களுக்கும் பொதுவானது. கிறிஸ்தவம் அதனைத் தன் யூத முன்னோரிடமிருந்து பெற்றது. யேசுநாதர் வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசித்தார் எனச் சுவிசேஷங்கள் கூறும். ஆயினும், எந்நாளில், எவ்வளவு காலம், எதனை விலக்கி நோற்பது என்று அவர் விதி வகுத்தாரல்லர். பிறர் காண முகம் வாடி நோற்கலாகாது என்று மட்டும் எச்சரித்தார். ஆகவே, நோன்பு சட்டமாதல் வேண்டுமா, மனமுவந்த செயலாய் நிற்றல் வேண்டுமா என்னும் வினா திருச்சபையைத் தொடர்ந்து வந்தது.

யூதர் திங்களும் வியாழனும் நோற்றனர். கிறிஸ்தவர் புதனும் வெள்ளியும் நோற்கவேண்டும் என்றது ‘திதாக்கே’ என்னும் பழைய கிரேக்க நூல். பாஸ்குத் திருநாளுக்கு முன் நோற்பதிலோ ஒருமைப்பாடு இருக்கவில்லை. சிலர் ஒரு நாளும், சிலர் இரு நாளும், வேறு சிலர் அதற்கு மேலும் நோற்றனர். ஏறக்குறைய 190ஆம் ஆண்டில் உரோமை ஆயர் விக்டருக்கு எழுதிய லியோன் நகர ஆயர் இரனேயு, இவ்வேற்றுமை விசுவாச ஒருமையைக் குலைக்கவில்லை என எடுத்துக்காட்டினார். நாற்பது நாள் தவக்காலம் நான்காம் நூற்றாண்டிலேதான் பரவலாக நிலைபெற்றது.

ஆதி நோன்பு வெறும் பட்டினியன்று. நோற்பவர் தாம் உண்ணாது விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கும் அநாதைக்கும் கொடுக்கவேண்டும் என்று இரண்டாம் நூற்றாண்டின் ‘எர்மாவின் மேய்ப்பன்’ போதித்தது. தானியம் மிகுதியாக இல்லாதவரும் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து ஏழைக்கு உணவளித்தனர் என்று அரிஸ்டைடிஸ் தம் நூலில் எழுதினார்.

இடைக்காலத்தில் விதி இறுகிற்று. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ற் முனிவர் வகுத்த ஒழுங்கின்படி, துறவியர் தவக்காலத்தில் மாலையில் ஒரு வேளையே உண்டனர். தமிழ்க் கத்தோலிக்கர் நோன்பை ‘ஒருசந்தி’ என்பதும் இவ்வொருவேளை உணவு பற்றியே. இறைச்சியோடு பாலும் வெண்ணெயும் முட்டையும் பல நாடுகளில் விலக்கப்பட்டன. ஆனால், பணம் செலுத்தினோர் விதிவிலக்குப் பெறலாயிற்று. பிரான்சின் ரூவான் நகரப் பேராலயத்துக் கோபுரம் ஒன்று, அவ்வகைப் பணத்தால் எழுந்ததென்று ‘வெண்ணெய்க் கோபுரம்’ எனப் பெயர் பெற்றது.

இந்நிலையில், 1522ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், சுவிஸ் நாட்டுச் சூரிச் நகரில், அச்சுக்கூட உரிமையாளர் கிறிஸ்தோப் புரோசவர் வீட்டில் புகையூட்டிய இறைச்சி பரிமாறப்பட்டது. பிராங்போட் சந்தைக்கு நூல்களை முடிக்க இரவும் பகலும் உழைத்த தொழிலாளருக்குக் கூழ் மட்டும் போதாது என்பது அவர் வாதம். உடனிருந்த சுவிங்கிலி குருவானவர் அதனை உண்ணவில்லை. எனினும், நகரசபை விசாரணை தொடங்கியதும், விரும்பியோர் நோற்கலாம், வேதம் விதிக்காததை எவர்மேலும் சுமத்தலாகாது எனப் பிரசங்கித்தார். சூரிச் நகரின் சமயச் சீர்திருத்தம் அங்கே வெளிப்படலாயிற்று.

சட்டம் நீங்கியதால் நோன்பு மறைந்துவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒக்ஸ்போர்டில் யோன் வெஸ்லியும் தோழரும் பழைய புதன், வெள்ளி நோன்பைத் தாமாகவே மேற்கொண்டனர். கத்தோலிக்க திருச்சபையிலும், 1966ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்தி, செபத்துக்கும் அறச்செயலுக்கும் முதன்மை அளித்தார்.

உண்ணாது விட்ட உணவு யார் கைக்குச் சேர்ந்தது என்று ஆதிக் கிறிஸ்தவர் கேட்டனர். நோன்பின் மெய்ம்மையை அளக்க அதனினும் நேரிய கோல் வேறில்லை.