ஒரு கிரவுண்டு நிலமும் ஒரு விளையாட்டும்



துபாயில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் பேடல் ஆடும் படத்தை அனுப்பி, "சார், இது நம்ம திருவொற்றியூருக்கு வருமா?" என்று கேட்டிருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே பதிலாக வரும்!

1969-ஆம் ஆண்டு. மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிகே கோர்குவேரா என்ற செல்வந்தர் தம் விடுமுறை வீட்டில் டென்னிஸ் ஆடுகளம் போட நினைத்தார். இடம் போதவில்லை. இருந்த இடத்தில் சின்னதாகக் களம் போட்டுச் சுவர் எழுப்பினார். அந்தச் சுவரும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது. தரையில் ஒருமுறை பட்டுச் சுவரில் மோதித் திரும்பும் பந்தையும் அடிக்கலாம் என்பதுதான் பேடலின் உயிர். 1974-இல் அவருடைய நண்பர் இளவரசர் அல்ஃபோன்சோ ஸ்பெயினின் மார்பெல்லாவுக்கு இதைக் கொண்டுபோனார். இன்று ஸ்பெயினில் நகராட்சி விளையாட்டு வளாகங்களிலேயே பேடல் களங்கள் இருக்கின்றன. பணக்காரர் வீட்டில் பிறந்த ஆட்டம் பொது இடத்துக்கு இறங்கி வந்துவிட்டது.

களத்தின் அளவு 20 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவு.

இடம் இல்லாத குறையில் ஆட்டம் வளர்வது நமக்குப் புதிதில்லை. இரண்டரை அடிகூட இல்லாத கேரம் பலகையை வைத்துக்கொண்டு வடசென்னை என்ன செய்தது என்று பாருங்கள். மரிய இருதயம் 2 முறை உலகச் சாம்பியன்; 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கம் வென்றார். தெருவும் மன்றமும் சேர்ந்து நடத்தும் ஆட்டம் இது. ஒரு பலகையும் ஒரு விளக்கும் இருந்தால் போதும்.

ஆனால் கால்பந்துக்கும் பேடலுக்கும் நிலம் வேண்டும். நிலம் என்றதும், அது யாருடையது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது. ஆடுபவர் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வாங்குவது. நம் நகராட்சியும் 2011-இல் மாநகராட்சியோடு இணைந்து முதல் மண்டலம் ஆகிவிட்டதால் இது நமக்கும் சேர்ந்த செய்திதான். தினம் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் ஆடினால் 3,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள் என்றால் 6,000. தினக்கூலி வாங்கும் வீட்டில் இதை யார் கொடுப்பார்கள்? எதிர்ப்பு எழுந்தது, தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது.

பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். அதற்குத்தானே சொத்துவரி கட்டுகிறோம்? திடலைப் பெருக்கிப் பூட்டித் திறக்கும் பொறுப்பை அந்தப் பகுதி இளைஞர் மன்றத்திடமே கொடுத்துப் பார்க்கலாமே. தாம் ஆடும் இடத்தை யாரும் பாழாக விடமாட்டார்கள்.

ஆகவே என் பதில் இதுதான்: பேடல் தாராளமாக வரட்டும். ஆனால் பிள்ளைகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் திடலைப் பறித்துக்கொண்டு வரவேண்டாம்.

நீங்கள் சின்ன வயதில் ஆடிய திடல் இன்று எப்படி இருக்கிறது? கீழே எழுதுங்கள். எழுதியதோடு விடாமல், உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.