முடியாத முதலாண்டு: பவநகரில் காந்தி, கும்பகோணத்தில் இராமானுஜன்

கல்லூரியின் முதலாண்டைத் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் அதைக் கடந்து போனவர்களின் பொழுதுபோக்கு. கடக்காதவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள்? 1888 ஜனவரியில் பவநகரின் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்த காந்தி ஒரே பருவத்தோடு வீடு திரும்பினார். 1904 ஜனவரியில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய ஈராண்டுப் படிப்பு) ஜூனியர் வகுப்பில் சேர்ந்த இராமானுஜன், சீனியர் வகுப்புக்குத் தேறவில்லை. இருவருக்கும் முதலாண்டு முழுமையாக முடியவே இல்லை. இருவரையும் அருகருகே வைக்கத் தோல்வி ஒன்றே போதுமான காரணமாகாது. அந்தப் படிப்பைப் பற்றி இருவருமே இரண்டு தடவை பேசியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் வெவ்வேறு விதமாக. நம்மை இங்கே இழுப்பது அதுதான்.

முதலில் நுழைவாயில். காந்தி மெட்ரிகுலேஷனில் எடுத்தது 625க்கு 247½. நூற்றுக்கு நாற்பதை ஒட்டிய மதிப்பெண். பம்பாய் கல்லூரியைவிடச் செலவு குறைவு என்பதால் பவநகர். இராமானுஜனோ முதல் வகுப்பில் தேறி, சுப்பிரமணியம் உதவித்தொகையோடு உள்ளே வந்தார். அந்த உதவித்தொகை ஆங்கிலத்திலும் கணிதத்திலும் திறமை காட்டுவோருக்கு வழக்கமாகத் தரப்படுவது. அதே ஆங்கிலத்தில் தவறியதால்தான் ஓராண்டுக்குள் அது பறிபோயிற்று என்பதை எந்தக் கதாசிரியர் எழுதியிருந்தாலும் நாம் நம்பியிருக்க மாட்டோம். சுமாரான மாணவர் ஒருவர், பரிசு பெற்ற மாணவர் ஒருவர். இருவரும் தடுக்கி விழுந்தது கிட்டத்தட்ட ஒரே படியில்.

ஆனால் விழுந்த விதம் வேறு. காந்திக்கு எல்லாப் பாடமும் கடினம். பேராசிரியர்கள் பேசுவது பிடிபடவில்லை. பிடிபடாததால் ஆர்வமும் வரவில்லை. இராமானுஜனுக்குப் பிடிபடாமை அல்ல, பொருட்படுத்தாமை. கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல் கையில் கிடைத்த பிறகு, ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக, பெரும்பாலும் நிரூபணத்தின் சுருக்கத்தோடு மட்டும் நிற்கும் அந்தப் புத்தகத்துக்கு முன்னால் ரோமானிய வரலாறும் உடலியலும் என்ன செய்ய முடியும்? காந்தி பாடத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றார். இராமானுஜன் ஒரு பாடத்துக்குள் போனவர், மற்றவற்றுக்காக வெளியே வரவில்லை. மதிப்பெண் பட்டியலுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். இருவரின் ஒற்றுமையைப் பேசும் யாரும் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். இராமானுஜனின் தகப்பனார் ஜவுளிக்கடைக் கணக்கர். மாதம் சுமார் இருபது ரூபாய். உதவித்தொகை போனதும் கட்ட வேண்டியிருந்த கல்லூரிச் சம்பளம் பருவத்துக்கு 32 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் முதல்வரிடமே போய் முறையிட்டும் பயனில்லை. காந்தியின் வீட்டிலும் தகப்பனார் இல்லாத நெருக்கடி இருந்தது. ஆனால் மறைந்தவர் ஒரு திவான். கல்லூரியிலிருந்து திரும்பிய பையனைப் பார்த்து, குடும்ப நண்பர் மாவ்ஜி தவே சொன்ன யோசனை, இங்கிலாந்துக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்குங்கள் என்பது. ஆகும் செலவாக அவர் போட்ட கணக்கு நாலைந்தாயிரம் ரூபாய். கும்பகோணத்து ஜவுளிக்கடைக் கணக்கருக்கு ஐயாயிரம் ரூபாய் என்பது இருபது ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். ஒரு வீட்டில் தோல்வி கப்பலுக்கு வழி திறந்தது. இன்னொரு வீட்டில் 32 ரூபாய்க்கே வழியில்லை. இதைத் திறமையின் கதையாகவோ மனவுறுதியின் கதையாகவோ சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

புறப்பாடும் அப்படியே பிரிகிறது. காந்தி கல்யாணமானவர், கப்பலேறுமுன் தகப்பனாகவும் ஆகிவிட்டார். தாயிடம் வாக்குக் கொடுத்து, சாதிப் பஞ்சாயத்தின் விலக்கையும் வாங்கிக்கொண்டு, 1888 செப்டம்பர் 4 அன்று எல்லோரும் அறியப் புறப்பட்டார். இராமானுஜன் 1905இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போனார். திரும்பி வந்து அதே கல்லூரியில் சேர்ந்தபோது இன்னொரு சிக்கல் காத்திருந்தது: வருகைப்பதிவு போதவில்லை, பருவச் சான்றிதழ் கிடைக்காது. (அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போனவர்கள் தங்கள் கட்சிக்கு இவரைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.) 1906இல் பச்சையப்பன் கல்லூரி, நோய், மறுபடி கும்பகோணம், 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எஃப்.ஏ., அதிலும் தோல்வி. காந்தியும் லண்டனில் ஒருமுறை தோற்றார். மெட்ரிகுலேஷனில் லத்தீன் காலை வாரிவிட்டது. அவர் அடுத்த தடவை, 1890 ஜூனில், தேறிவிட்டார்.

இனி அவர்கள் திரும்பிப் பார்த்த விதம். காந்தி 1925இல் எழுதத் தொடங்கிய சுயசரிதையில் பவநகருக்குக் கிடைத்தது சில வரிகள்தான். அவற்றில் குற்றவாளி அவரே: ஆசிரியர்கள் முதல் தரமானவர்கள், பக்குவப்படாதவன் நான் என்கிற தொனி. 1938இல் ‘ஹரிஜன்’ இதழில் எழுதியபோது குற்றவாளி மாறிவிடுகிறார். கணக்கும் வேதியியலும் வானியலுமாக ஆங்கிலத்தில் நான்காண்டு படித்ததைக் குஜராத்தியில் ஓராண்டில் படித்திருப்பேன் என்கிறார். அது உயர்நிலைப் பள்ளியைப் பற்றிய பேச்சு என்பது உண்மை. ஆனால் அந்த நான்காண்டின் பலன்தானே பவநகர் வகுப்பறையில் விளங்காமல் உட்கார்ந்திருந்தது? தன்னைத் தானே குறை சொன்னவர், நாட்டுக்குக் கல்வித் திட்டம் சொல்ல வந்தபோது பயிற்றுமொழியைக் கூண்டில் ஏற்றினார்.

இராமானுஜனின் இரண்டு பதில்களுக்கும் இடைவெளி ஓராண்டுகூட இல்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு எழுத்தர் வேலை கேட்டு எழுதிய விண்ணப்பத்தில், மெட்ரிகுலேஷன் தேறி எஃப்.ஏ. வரை படித்ததாகவும், சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்றும் குறிப்பிடுகிறார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலோ, பல்கலைக்கழகக் கல்வி தனக்குக் கிடையாது, சாதாரணப் பள்ளிப் படிப்பு மட்டுமே உண்டு என்கிறார். கும்பகோணமும் பச்சையப்பனும் ஒரே வாக்கியத்தில் காணாமல் போகின்றன! இதைப் பொய் என்பதற்கில்லை. முப்பது ரூபாய் வேலைக்குப் பாதிப் படித்த எஃப்.ஏ.வும் ஒரு தகுதி. கேம்பிரிட்ஜுக்கு அது வெறும் தழும்பு. இரண்டு கடிதங்களையும் எழுதியவருக்கு யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. உலகம் அறியாத வெகுளி என்று நாம் வழக்கமாகக் காட்டும் இராமானுஜனோடு இது பொருந்தவில்லை. ஆள் தெரிந்து பேசும் இந்த நுணுக்கத்தில் அவர் நாம் நினைப்பதைவிடக் காந்திக்கு நெருக்கமானவர்.

வேறுபாடு ஒன்று மிஞ்சுகிறது. காந்தியின் முதலாண்டைப் பற்றிப் பேசியவர் பெரும்பாலும் காந்திதான். இராமானுஜனுடையதைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள், ஹார்டி எல்லோரையும்விட உரக்க. வேடிக்கை என்னவென்றால் ஹார்டியும் இரண்டு தடவை பேசினார். இராமானுஜன் இறந்த பின் எழுதிய நினைவுரையில், இளமையிலேயே பிடித்துப் பழக்கியிருந்தால் அவர் இன்னும் பெரிய கணிதர் ஆகியிருக்கலாம், ஆனால் தனித்தன்மை குறைந்து ஓர் ஐரோப்பியப் பேராசிரியராகியிருப்பார், லாபத்தைவிட நட்டமே அதிகமாயிருக்கலாம் என்று ஆறுதல் சொன்னார். 1936இல் ஹார்வர்டில் பேசும்போது அந்த ஆறுதலை அசட்டு உணர்ச்சி என்று தள்ளி, கும்பகோணம் அவரை விலக்கியதில் எந்த லாபமும் இல்லை, ஈடுசெய்ய முடியாத இழப்பு மட்டுமே என்றார்.

பின்னதே நேர்மையான பேச்சு என்று எனக்குப் படுகிறது. ஆனால் கல்லூரியை மட்டும் வில்லனாக்குவது நியாயமில்லை. ஓடிப்போனவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதும் அதே கல்லூரிதான். அங்கே அவரை அறிந்த ஆசிரியர் சேஷு ஐயர்தான் பின்னாளில் அவரைக் கைவிடாமல் ஊக்கியவர்களில் ஒருவர். எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் அடுத்த வகுப்பு என்ற விதிக்கு எதிரே, ஆசிரியரின் மதிப்பு செல்லாக்காசாக இருந்தது.

அந்த விதியை விலக்கி வைக்கக் கேம்பிரிட்ஜால் முடிந்தது. வழக்கமான நுழைவுத் தகுதிகள் இல்லாமலே இராமானுஜன் ஆய்வு மாணவராகச் சேர்க்கப்பட்டு, 1916 மார்ச்சில், பகு எண்களில் ஒரு வகையைப் பற்றிய ஆய்வுக்காக பி.ஏ. பட்டம் பெற்றார். உடலியலும் ரோமானிய வரலாறும் யாரும் கேட்கவில்லை. லண்டன் மெட்ரிகுலேஷனையும் பாரிஸ்டர் தேர்வுகளையும் ஒழுங்காக எழுதித் தேறிய காந்தி, எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்துப் பட்டம் வாங்கவில்லை. பல்கலைக்கழகக் கல்வியே இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்தான் இருவரில் பட்டதாரி.