தலையில் எண்ணெய் வைத்த தலைமுறை



1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அந்தப் பால்மரத்தை நம்பித்தான் கங்காணி கூட்டிவர, நம்ம பாட்டன் பூட்டன்கள் பேராக் தோட்டங்களுக்கு வந்தாங்க.

விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் வெட்டு. கையில் பால் காய்ந்து ஒட்டும், வெயிலில் தோல் வறண்டு போகும். லயத்தில் அதற்குக் கைமருந்து எண்ணெய்தான்: முழுக்குக்கு நல்லெண்ணெய், தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய், தேய்க்கச் சீயக்காய். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பது ஊரிலிருந்து வந்த முறை.

இது வெறும் பழக்கமில்லீங்க. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் இந்திய ஆய்வொன்று காட்டியது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது, நாம ஈப்போவுக்கு வந்துட்டோம். தோட்டம் முழுக்க இப்போ எண்ணெய் மரம். நம்ம தலையில்தான் எண்ணெய் இல்லை! முழுக்கு தீபாவளியோடு சுருங்கிடுச்சு.

லயம் போச்சு, பல தோட்டக் கோயில்களும் போச்சு. பாட்டிமார் கைப்பக்குவமாவது மிஞ்சட்டும். வீட்டுப் பெரியவங்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்க. பாகான் டத்தோ தேங்காய் பக்கத்திலேயே இருக்கு.