போர்ட் மதுவின் இனிப்பு: ஒரு பழைய வாதம்

விருந்தின் முடிவில் பரிமாறப்படும் செந்நிற இனிப்பு மதுக்களுள் புகழ்பெற்றது போர்ட். போர்ச்சுகலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளைவது; போர்ட்டோ நகரின் பெயரைத் தாங்கியது. 1703ஆம் ஆண்டின் மெத்வென் உடன்படிக்கையால் போர்ச்சுகீசிய மதுவுக்கு இங்கிலாந்தில் தீர்வை, பிரெஞ்சு மதுவுக்கு உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆங்கிலேயர் மேசையில் அது நிலைபெற்றது.

அதன் இனிப்பு எவ்வாறு வந்தது? சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்தால் நொதித்தல் நின்றுவிடும், சர்க்கரை எஞ்சும். இதனை இன்று நாம் இயல்பென்றே கொள்கிறோம். ஆயினும் போர்ட்டோவில் வணிகம் புரிந்த ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்னும் ஆங்கிலேயர், 1844இல் ஒரு சிறுநூல் வெளியிட்டு, இவ்வழக்கம் மதுவைக் கெடுக்கிறது எனக் கண்டித்தார். சக வணிகர்களின் பகையே அவருக்குக் கிட்டியது. டோரோவை அளந்து வரைபடம் தீட்டிய அவர், 1861இல் அதே ஆற்றில் படகு கவிழ்ந்து மாண்டார்.

வாதத்தில் இனிப்பே வென்றது. ஸ்டில்டன் என்னும் நீலம் படர்ந்த பாலாடைக்கட்டியையும் வால்நட்டையும் போர்ட்டுடன் வைப்பது அவ்வெற்றியின் பயனே: கட்டியின் உப்பும் பருப்பின் துவர்ப்பும் மதுவின் இனிப்பைத் தாங்கி நிற்கின்றன. கருஞ்சாக்லேட்டும் பொருந்தும்.

ஃபாரஸ்டரும் முற்றிலும் தோற்றுவிடவில்லை. சாராயம் சேராத, இனிப்பற்ற செம்மதுவுக்கும் டோரோ இன்று பெயர்பெற்றுள்ளது. இரண்டையும் அருந்துவோர் அவரையும் நினைத்துக்கொள்ளலாம் என்பதே நம் விருப்பம்.