500 ஆண்டுகள் நிற்கும் மரவீடுகள்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக் என்ற மாவட்டம் இருக்கிறது. அதில் லாவென்ஹாம் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரின் பெரிய தெருவில் நீங்கள் நடந்து செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். இருபுறமும் மரச்சட்டங்களால் ஆன வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றுள் பல நேராக இல்லை. ஒரு வீட்டின் மாடி தெருவை எட்டிப் பார்க்கிறது. மற்றொன்றின் சன்னல் சாய்சதுரமாகிவிட்டது. 'கோணல் வீடு' என்றே பெயர் பெற்ற வீடு ஒன்றும் இத்தெருவில் உண்டு. பார்க்கும் எவருக்கும், "இது இன்றோ நாளையோ விழுந்துவிடுமே!" என்று தோன்றும்.

ஆனால், இவ்வூரின் மரவீடுகளுள் பல 500 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டவை. மரம் மக்கும்; எரியும்; பூச்சி அரிக்கும். சுவரோ வெறும் மண். அப்படியிருக்க, இவை இத்தனை காலம் நிற்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடையளிப்பதில் வரலாற்றுக்கும் பங்குண்டு; இயற்பியலுக்கும் பங்குண்டு.

கம்பளித் துணி தந்த செல்வம்

லாவென்ஹாமுக்கு 1257ஆம் ஆண்டில் சந்தை கூட்டும் உரிமை கிடைத்தது. 15ஆம் நூற்றாண்டில் நீலச் சாயமிட்ட தடித்த கம்பளித் துணிக்கு அவ்வூர் பெயர் பெற்றது. துணி வணிகர்கள் கம்பளியை வாங்கி, நூற்போர் வீட்டுக்கும் நெய்வோர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பி, முடிந்த துணியைத் திரும்பப் பெற்று விற்றனர். 1524ஆம் ஆண்டு வரிக்கணக்கின்படி இங்கிலாந்தின் செல்வம் மிக்க ஊர்களில் லாவென்ஹாம் 14ஆவது இடத்தில் இருந்தது. இன்று கிராமம் எனப்படும் ஊருக்கு அன்று இத்தகைய நிலை! 141 அடி உயரமுள்ள தேவாலயக் கோபுரமும், ஏறத்தாழ 1530இல் எழுந்த சங்க மண்டபமும் அந்தச் செல்வத்தின் சின்னங்கள்.

பணம் இருந்தும் அவர்கள் வீடுகளைக் கல்லால் கட்டவில்லை. அப்பகுதியில் கட்டடத்துக்கு ஏற்ற நல்ல கல் கிடைப்பது அரிது. செங்கல்லோ அன்று விலை மிகுந்த பொருள். தாராளமாகக் கிடைத்தது ஓக் மரம்தான். ஒரு பண்ணை வீட்டுக்கே சில நூறு மரங்கள் தேவைப்பட்டன. ஆயினும், அவற்றுள் பெரும்பாலானவை சிறு மரங்களே என்பதைக் காடுகளின் வரலாற்றை ஆராய்ந்த ஆலிவர் ராக்கம் எடுத்துக்காட்டியுள்ளார். முறை வைத்து வெட்டி, மீண்டும் வளரவிட்ட காடுகளிலிருந்து அவை வந்தன.

பச்சை மரமே பயன்பட்டது

"மரத்தை நன்றாக உலரவைத்த பிறகுதானே வேலை செய்ய வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். மேசை, நாற்காலிக்கு அது சரி. ஆனால், ஓக் மரம் மிக மெதுவாகவே உலரும். ஓர் அடிக் கனமுள்ள உத்திரம் உள்வரை உலர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். உலர்ந்தபின் அது இரும்புபோல் இறுகிக் கோடரிக்கும் உளிக்கும் இணங்காது. எனவே அக்காலத் தச்சர்கள் மரத்தை வெட்டிய சில மாதங்களுக்குள்ளேயே பச்சையாகச் செதுக்கிப் பொருத்தினர். வீடு கட்டி முடிந்த பிறகுதான் மரம் உலரத் தொடங்கியது.

பச்சை ஓக் மரத்தில் உள்ள நீரின் எடை, உலர்ந்த கட்டையின் எடையில் பாதிக்கும் மேல் இருக்கும். அந்நீர் வெளியேறும்போது மரம் சுருங்குகிறது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 8 விழுக்காடு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ 4 விழுக்காடு, நீளவாக்கில் 0.1 விழுக்காட்டு அளவே. இந்த மூன்று எண்களில்தான் கோணல் வீட்டின் இரகசியம் அடங்கியிருக்கிறது. 8 அடி உயரத் தூண் உயரத்தில் ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கே குறையும். எனவே வீடு உட்காருவதில்லை. ஆனால், ஓர் அடி அகல உத்திரம் அகலத்தில் அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம்வரை குறையலாம். இரு திசைச் சுருக்கமும் சமமாக இல்லாததால் கட்டை முறுகும், நீளவாக்கில் வெடிக்கும். அவ்வெடிப்புகள் பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும், பெரும்பாலும் நார்களின் போக்கிலேயே ஓடுவதால் மரத்தின் வலிமையை அதிகம் குறைப்பதில்லை. மரத்தின் சுருக்கத்தோடு நிலம் அமிழ்வதும், பிற்காலத்தார் சட்டங்களை வெட்டி மாற்றியதும் சேர்ந்தே வீடுகள் சாய்ந்தன.

இறுக்கும் முளை

சுருங்கி முறுகும் மரத்தை எப்படிப் பிணைப்பது? இரும்பாணி உதவாது. ஓக் மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈர இரும்பை அரித்துவிடும். ஆகவே தச்சர்கள் மரத்தை மரத்தாலேயே பிணைத்தனர். ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, அடுத்த சட்டத்தில் வெட்டிய துளைக்குள் செருகி, குறுக்கே ஒரு மர முளையை அடித்தனர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கழுந்தில் இடும் முளைத்துளையும் வெளிச்சட்டத்தில் இடும் முளைத்துளையும் நேர்கோட்டில் அமையா. கழுந்தின் துளை சற்றே உள்தள்ளியிருக்கும். கூர்மையாகச் செதுக்கிய முளையை அடிக்கும்போது அது இரு துளைகளையும் ஒன்றாக்க முயன்று கழுந்தை உள்ளே இழுக்கும். முளை சிறிதளவு வளைந்து, ஒரு வில்லைப்போல் இழுத்துக்கொண்டே இருக்கும். மரம் உலர்ந்து சுருங்கினாலும் பிணைப்பு தளர்ந்துபோகாது. அதே சமயம், காற்றும் பாரமும் தாக்கும்போது சற்றே அசைந்தும் கொடுக்கும். தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே மூலைவாட்டில் சாய்சட்டங்களும் வைத்தனர். நான்கு சட்டங்களால் ஆன சதுரத்தைத் தள்ளினால் சாயும். முக்கோணத்தின் வடிவமோ, பக்கத்தின் நீளம் மாறினாலன்றி மாறாது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சட்டம் முழுவதையும் முதலில் தரையில் பொருத்திப் பார்த்து, பிறகு பிரித்து வண்டியில் ஏற்றினர். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தெரிய, ஒவ்வொரு பொருத்திலும் ரோமானிய எண்ணைக் கீறினர். நேர்கோடுகளால் ஆன எண்ணை உளியால் கீறுவது எளிது. பல வீடுகளில் இக்குறிகளை இன்றும் காணலாம்.

சில சட்டங்களில் எதற்கும் பயன்படாத வெற்றுத் துளைகள் காணப்படும். "இவை உடைத்த கப்பலின் மரங்கள்" என்று சொல்வது இங்கிலாந்துக் கிராமங்களில் வழக்கம். பெரும்பாலும் அது கட்டுக்கதையே. இடித்த பழைய வீட்டின் சட்டங்களை மீண்டும் பயன்படுத்தியதன் அடையாளங்களே அத்துளைகள்.

தெருவை நோக்கி நீளும் மாடி

மாடி ஏன் சுவரைத் தாண்டி ஓரிரு அடி வெளியே நீள்கிறது? இடம் கூடும், கீழ்ச்சுவரில் மழைநீர் வழியாது, உரிமையாளரின் செல்வமும் ஊருக்குத் தெரியும். இவற்றோடு ஓர் இயற்பியல் பயனும் உண்டு. மாடித் தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் அறையின் நடுவில் பாரத்தால் கீழ்நோக்கித் தொய்யும். வெளியே நீண்ட முனைமீது மேல்மாடிச் சுவரின் பாரம் அமர்ந்து அழுத்தும்போது, கீழ்ச்சுவர் ஆதாரப்புள்ளியாகிறது. அப்போது தோன்றும் திருப்புத்திறன் நடுப்பகுதியை மேலே தூக்க முயல்வதால் தொய்வு குறைகிறது.

அக்காலத் தச்சர்கள் இச்சட்டங்களைப் படுக்கை வாட்டில், அதாவது அகன்ற பக்கம் கீழே இருக்குமாறு வைத்தனர். சட்டத்தின் விறைப்பு அகலத்தோடு நேர்விகிதத்திலும், உயரத்தின் மும்மடியோடு நேர்விகிதத்திலும் மாறும். 8 அங்குலத்துக்கு 5 அங்குலம் உள்ள ஒரு சட்டத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்தால் அதன் விறைப்பு இரண்டரை மடங்காகும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பிற்காலத் தச்சர்கள் இதை உணர்ந்து சட்டங்களை நிறுத்தி வைக்கலாயினர்.

மரமே சொல்லும் ஆண்டு

ஒரு வீட்டின் வயதை எப்படி அறிவது? வளம் மிக்க ஆண்டில் மரத்தின் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் குறுகலாகவும் அமையும். ஒரு வட்டாரத்து மரங்களில் இந்த வரிசை ஒத்திருக்கும். இம்முறையை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க வானியலறிஞர் ஏ. இ. டக்ளஸ் வகுத்தார். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் எஞ்சியிருந்தால், மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடலாம். பச்சையாகவே பயன்படுத்தியதால், வீடு கட்டிய காலமும் அதுவே எனலாம். அண்டை மாவட்டமான எசெக்ஸில் உள்ள கிரீன்ஸ்டெட் மரத்தேவாலயம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று நெடுங்காலம் நம்பினர். அது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று வளையங்கள் காட்டின.

வறுமை காத்த ஊர்

இப்படிக் கட்டிய வீடுகள் இங்கிலாந்து முழுவதும் இருந்தன. பிற ஊர்களில் அவை ஏன் அழிந்தன? இலண்டனில் 1666ஆம் ஆண்டின் பெருந்தீ அவற்றை விழுங்கியது. அடுத்த ஆண்டுச் சட்டம் செங்கல்லும் கல்லும் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்றது. செல்வம் பெருகிய ஊர்களிலோ, மக்கள் தாமே பழைய வீட்டை இடித்துப் புதிய பாணியில் கட்டினர்.

லாவென்ஹாமின் கதை வேறு. 16ஆம் நூற்றாண்டிலேயே அதன் தொழில் சரிந்தது. 1525இல் மன்னர் கேட்ட கூடுதல் வரியை எதிர்த்து, வேலையிழந்த நெசவாளர்கள் அவ்வூரில் திரண்டெழுந்தனர். பின்னர் கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு நெசவாளர்கள் மெல்லிய, மலிவான துணியை நெய்து சந்தையைப் பிடித்தனர். லாவென்ஹாமில் வீட்டை இடித்துக் கட்டப் பணமில்லை. அதனால் வீடுகள் பிழைத்தன! 1547இல் சங்கம் கலைக்கப்பட்டபின் சங்க மண்டபம் ஒரு காலத்தில் சிறையாகவும், ஒரு காலத்தில் ஏழைகள் விடுதியாகவும் பயன்பட்டது. வீடுகள் நின்றதற்காக நாம் மகிழலாம். ஆனால், அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்நெசவாளர் குடும்பங்களே என்பதை மறக்கலாகாது.

மூச்சுவிடும் சுவர்

வறுமையால் பிழைத்த வீடுகளுக்கு 20ஆம் நூற்றாண்டில் ஓர் ஆபத்து வந்தது. அது நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு.

மரச்சட்டங்களுக்கு இடையே விளார்களைப் பின்னிப் படல் அமைத்து, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தனர். இச்சுவர் மழையில் சிறிது நனையும், காற்றில் உலர்ந்துவிடும். மரத்தின் ஈரமும் மண்ணின் வழியே ஆவியாகும். சட்டம் அசையும்போது மண்ணும் சற்று இணங்கும்.

1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சிமெண்டு பரவியதும் பலர் பழைய மண்ணை நீக்கிவிட்டு அதைப் பூசினர். சிமெண்டு வலுவானது, ஆனால் இணங்காதது. பருவந்தோறும் மரம் விரிந்து சுருங்கும்போது இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி விழும். நுண்புழை ஏற்றத்தால் மழைநீர் அதனுள் இழுக்கப்படும். உள்ளே போன நீருக்கு வெளியேற வழி இல்லை. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரும். பூஞ்சையால் இளகிய ஓக் மரத்தை 'மரண மணி வண்டு' எனப்படும் வண்டின் புழுக்கள் துளைக்கும். 500 ஆண்டுகள் நின்ற அடிச்சட்டம் சில பத்தாண்டுகளில் கையால் உதிர்க்கும் தூளாகிவிடும். வெளியே பூச்சு மட்டும் புதிதுபோல் தோன்றும்!

இன்று இங்கிலாந்தின் பாதுகாப்பு வல்லுநர்கள் இச்சிமெண்டை அகற்றி, மீண்டும் மண்ணும் சுண்ணாம்பும் பூசுமாறு கூறுகின்றனர். 1877இல் வில்லியம் மாரிஸ் முதலியோர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழையதைப் புதிதாக்க வேண்டாம், பழுதை மட்டும் பாருங்கள் என்று நெடுநாளாக வற்புறுத்தி வருகிறது. சாய்ந்த தூணை நிமிர்த்துவதும் இவ்வாறே தீங்காகலாம். பல நூற்றாண்டுகளில் ஒவ்வொரு பொருத்தும் தன் நிலையைக் கண்டுகொண்டிருக்கும். ஒன்றை இழுத்தால் மற்றொன்று பிளக்கும்.

எனவே, லாவென்ஹாமின் கோணல் வீடுகளைப் பலவீனத்தின் அடையாளம் என்று கொள்ளலாகாது. பாரம் வரும்போது அசைந்தும், ஈரம் வரும்போது வெளியேற்றியும் அவை நிற்கின்றன. இவ்விரண்டையும் தடுக்காதவரை அவை இன்னும் நெடுங்காலம் நிற்கும். சுண்ணாம்புப் பூச்சு மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரைந்து போகும். அதை மறவாமல் மீண்டும் பூச வேண்டும்.